சுவரும் மீட்டரும்

லண்டனின் தொழிலாளர் தெருக்களில் கேஸ் கம்பெனி வசூல்காரர் வரும் நாளுக்கு ஒரு காலத்தில் தனி மவுசு இருந்தது. மீட்டரின் பூட்டைத் திறந்து, தகரப் பெட்டியை உருவி, அதிலிருந்த பென்னிக் காசுகளைச் சமையலறை மேசைமேல் கொட்டுவார். கனத்த வெண்கலக் காசுகள். பன்னிரண்டு காசு சேர்ந்தால் ஒரு ஷில்லிங். அடுக்கி அடுக்கி எண்ணி முடித்ததும், கம்பெனிக்குச் சேர வேண்டியதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, மிச்சத்தை வீட்டுக்காரம்மா பக்கம் தள்ளி வைப்பார். எதிர்பாராமல் கைக்கு வரும் காசு. அன்றைக்குச் சாப்பாட்டில் ஏதாவது கூடுதலாக இருக்கும்.

அந்த மிச்சம் கம்பெனியின் தாராளம் அல்ல. மீட்டரைக் கூடுதல் விலைக்கே திருகி வைத்திருப்பார்கள். அதிகமாகப் போட்ட காசில் ஒரு பங்குதான் திரும்பி வந்தது. அப்படித் திரும்பி வந்த பிறகும், மூன்று மாதத்துக்கொரு முறை பில் கட்டிய வசதியான வீட்டைவிட, காசு போட்டு எரித்த வீடுதான் ஒரு கன அடி கேஸுக்குப் பொதுவாக அதிகம் கொடுத்தது. முன்பணம் கட்டுபவருக்கு விலை கூடுதல், கடனுக்கு வாங்குபவருக்குக் குறைவு. வேறெந்தக் கடையிலாவது இப்படி நடந்தால் சண்டை வந்திருக்கும்.

இந்தக் காசு மீட்டர் 1880-களின் பிற்பகுதியில் பர்மிங்காமில் உருவானது. ஏழைகளுக்கு அது நல்லதே செய்யவில்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு முன்னால் வாரக்கூலி வாங்கும் குடும்பத்தை நம்பிக் கேஸ் கொடுக்க எந்தக் கம்பெனியும் முன்வரவில்லை. மீட்டர் வந்த பிறகுதான் அந்த வீடுகளில் கேஸ் விளக்கும் கேஸ் அடுப்பும் நுழைந்தன. வீட்டைச் சூடாக்க மட்டும் கரிதான். அதிலும் இதே கதை. வண்டிக் கணக்கில் வாங்கிக் கிடங்கில் கொட்டி வைப்பவருக்கு ஒரு விலை, பதினான்கு ராத்தல் வாங்கிக் கையில் தூக்கிப் போகிறவருக்கு இன்னொரு விலை. லாம்பெத் பகுதியில் ஃபேபியன் மகளிர் குழு 1909 முதல் 1913 வரை, வாரம் ஒரு பவுண்டைச் சுற்றியே வருமானம் உள்ள குடும்பங்களின் வரவு செலவை எழுதி வாங்கியது. மாட் பெம்பர் ரீவ்ஸ் அதை 1913இல் புத்தகமாக்கினார். வாடகை, ஈமச்சடங்குக்கான இன்ஷூரன்ஸ், கரி, கேஸ், சோப்பு எல்லாம் போக மிஞ்சியதில்தான் சாப்பாடு என்பதை அந்தக் கணக்குகள் காட்டின.

அரசே வீடு கட்டி வாடகைக்கு விட்டால் இந்தக் கஷ்டம் தீரும் என்றுதான் அடுத்த தலைமுறை நம்பியது. 1919இல் வந்த அடிசன் சட்டம் உள்ளூர் கவுன்சில்களை வீடு கட்டச் சொன்னது. அதற்கு முன்பே லிவர்பூல், லண்டன் கவுன்சில்கள் கொஞ்சம் கட்டியிருந்தன. இப்போது அது நாடு தழுவிய கடமை ஆனது. தோட்டம், குளியலறை, தனி வாசல் என்று அந்த வீடுகளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சூடு என்பது அங்கேயும் கூடத்தில் எரிந்த ஒரே ஒரு கணப்புதான். படுக்கையறை ஜன்னலில் காலையில் உள்பக்கமாகப் பனி பூத்திருப்பதை யாரும் விசேஷமாகக் கருதவில்லை. குளிர் எல்லோருக்கும் பொது. வசதியானவர் இன்னும் இரண்டு கணப்பு மூட்டிக்கொள்வார், அவ்வளவுதான்.

1947 ஜனவரி முதல் நாள் நிலக்கரிச் சுரங்கங்கள் நாட்டுடைமை ஆயின. அதே மாதக் கடைசியில் பனி கொட்டத் தொடங்கி மார்ச் வரை விடவில்லை. ரயில் பெட்டிகளில் கரி உறைந்து நின்றது. மின்சாரம் மணிக்கணக்கில் நிறுத்தப்பட்டது. எரிபொருள் அமைச்சர் இமானுவல் ஷின்வெல் பேர் கெட்டது. வீட்டுக் கரிக்கு ரேஷன் 1958 வரை நீடித்தது.

அந்தப் பஞ்ச காலத்தில்தான் பிரிட்டனின் கவுன்சில் வீட்டு வரலாற்றிலேயே புத்திசாலித்தனமான ஒரு காரியம் நடந்தது. தேம்ஸ் நதியின் தென்கரையில் பாட்டர்சீ மின்நிலையம். கரியை எரித்து மின்சாரம் எடுத்தது போக மிஞ்சும் வெப்பத்தை அது ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தது. வடகரையில், பிம்லிகோவில், குண்டுவீச்சில் சிதைந்த நிலத்தில் சர்ச்சில் கார்டன்ஸ் என்ற பெரிய குடியிருப்பு எழுந்துகொண்டிருந்தது. அதை வடிவமைத்தவர்கள் பிலிப் பவலும் ஹிடால்கோ மோயாவும். போட்டியில் வென்றபோது இருவரும் இருபதுகளில் இருந்த இளைஞர்கள். ஆற்றுக்கு அடியில் குழாய் போட்டு மின்நிலையத்தின் வெந்நீரை இந்தக் கரைக்குக் கொண்டு வந்தார்கள். சுமார் 1,600 வீடுகளுக்கான வெந்நீரைச் சேமித்து வைக்க, கண்ணாடி போர்த்திய உயரமான கோபுரம் ஒன்றைக் குடியிருப்பின் நடுவில் நிறுத்தினார்கள். 1950இல் தொடங்கிய இந்த ஏற்பாடு நாட்டின் முன்னோடி வட்டார வெப்ப வலைகளில் ஒன்று. கரி சுமக்க வேண்டாம், சாம்பல் அள்ள வேண்டாம், காசு போட வேண்டாம். பாட்டர்சீ நிலையம் 1983இல் மூடப்பட்ட பிறகும், சொந்தக் கொதிகலன்களோடு அந்த வலை ஓடிக்கொண்டிருக்கிறது.

நாடெங்கும் இதையே செய்திருக்கலாம். மின்நிலையத்துக்குப் பக்கத்தில் வீடு இருக்க வேண்டும், குழாய்க்கு முதலிலேயே பெரிய பணம் போட வேண்டும், மின்வாரியமும் கவுன்சிலும் ஒரே மேசையில் உட்கார வேண்டும். மூன்றும் சேர்ந்து அமைவது அபூர்வம். கவுன்சில்கள் சுலபமான வழிக்குப் போயின.

1961இல் பார்க்கர் மோரிஸ் குழு வீடுகளுக்கான அளவுகோலை வகுத்தது. வெளியே மைனஸ் 1 பாகை இருக்கும்போது கூடத்தில் 18 பாகை, சமையலறையிலும் நடைவழியிலும் 13 பாகை சூடு வேண்டும் என்றது. படுக்கையறைக்கு ஒன்றும் கட்டாயமில்லை. பிள்ளைகள் போர்வைக்குள் சுருண்டுகொள்வார்கள் என்ற நினைப்பு போலும். 1969 முதல் புதிதாகக் கட்டும் எல்லாக் கவுன்சில் வீடுகளுக்கும் இது கட்டாயமானது, 1980இல் கைவிடப்பட்டது. பதினோரு வருடம்தான் ஆயுள். அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருந்தது. வீட்டை அந்த அளவுக்குச் சூடாக்கும் கருவி இருக்க வேண்டும் என்று விதி சொன்னது. அந்தக் கருவியை ஓட்ட ஆகும் செலவைக் குடியிருப்பவரால் தாங்க முடியுமா என்று அது கேட்கவில்லை.

உயரமாகக் கட்டினால் கூடுதல் மானியம் என்று 1956இல் அரசு அறிவித்ததிலிருந்து கவுன்சில்கள் மேலே மேலே கட்டின. தொழிற்சாலையில் வார்த்த கான்கிரீட் பலகைகளை லாரியில் கொண்டுவந்து, ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, இடுக்கைப் பூசிவிட்டால் கட்டடம் தயார். கிழக்கு லண்டன் கேனிங் டவுனில் டென்மார்க் முறையில் எழுந்த ரோனன் பாயின்ட் அப்படிப்பட்டது, 22 மாடி. குடிவந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1968 மே 16 விடியற்காலை, 18ஆம் மாடியில் ஒரு பெண் தேநீர் போட அடுப்பைப் பற்ற வைத்தார். கசிந்திருந்த கேஸ் வெடித்தது. சுமையைத் தாங்கிய சுவர்ப் பலகை வெளியே பறந்தது. மேலிருந்த மாடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழ, கட்டடத்தின் ஒரு மூலையே அடிவரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். தீக்குச்சி உரசிய அந்தப் பெண் உயிர் பிழைத்தார்.

கட்டடப் பொறியியல் புத்தகங்களில் இந்தச் சம்பவம் இன்றைக்கும் பாடமாக இருக்கிறது. குளிரின் வரலாற்றில் அதற்கு உள்ள இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேச்சில்லை. விசாரணைக்குப் பிறகு, ஆறு மாடிக்கு மேற்பட்ட பலகைக் கட்டடங்களை வலுப்படுத்தும்வரை கேஸ் கூடாது என்று உத்தரவு வந்தது. பல கவுன்சில்கள் கேஸ் பக்கமே திரும்பவில்லை. மின்சாரம் சுத்தமானது, நவீனமானது, ராத்திரியில் மலிவு. தரைக் கான்கிரீட்டுக்குள் கம்பியைப் புதைத்து, இரவில் சூடேற்றினால் பகலெல்லாம் தரை கதகதப்பாக இருக்கும் என்றார்கள். அரபு நாடுகள் 1973இல் எண்ணெயை நிறுத்தின. அதைத் தொடர்ந்து மின்கட்டணம் ஏறியது. நாட்டிலேயே ஏழைகளான குடித்தனக்காரர்கள், நாட்டிலேயே வெப்பம் ஒழுகும் சுவர்களுக்குள், நாட்டிலேயே விலை கூடிய எரிபொருளோடு மாட்டிக்கொண்டார்கள். எரிபொருளை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. மாற்றிக்கொள்ளும் உரிமையும் அவர்களுக்கு இல்லை.

அடுத்து நடந்ததை வீட்டுக்குள் நின்று பார்க்க வேண்டும். தரைச் சூட்டுக்கான பில்லைப் பார்த்ததும் குடும்பம் சுவிட்சை அணைத்துவிடுகிறது. மண்ணெண்ணெய் ஹீட்டர் ஒன்றை வாங்கிக் கூடத்தில் வைக்கிறது. ஒரு லிட்டர் மண்ணெண்ணெய் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகக் காற்றில் கலக்கும். குளிர் உள்ளே வராமலிருக்க ஜன்னலைச் சாத்திவிடுகிறார்கள். பழைய வீட்டில் புகைபோக்கி வழியாக ஈரக்காற்று வெளியேறும். இங்கே புகைபோக்கியே இல்லை. கான்கிரீட் பலகையின் மூலையும் விளிம்பும் எப்போதும் சில்லிட்டிருக்கும். ஈரக்காற்று அங்கே போய்ப் பட்டு நீராகிறது. முதலில் வால்பேப்பரின் நுனி உரிகிறது. பிறகு அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி. சில வாரத்தில் பூஞ்சணம் கூரைவரை ஏறிவிடும். துடைத்தால் போகும், திரும்ப வரும். தொட்டிலைச் சுவரை விட்டுத் தள்ளிப் போடுகிறாள் தாய். அறை சிறியது, எவ்வளவு தள்ளுவாள்?

கிளாஸ்கோவின் கார்பல்ஸ் பகுதியில் ஹட்சஸன்டவுன் ஈ என்ற குடியிருப்பு இப்படித்தான் அழிந்தது. ட்ரகோபா என்ற பிரெஞ்சுப் பலகை முறையில் கட்டிய, மழைக்கும் குளிருக்கும் பேர்போன ஊரில் நிறுத்திய, ஏழு மாடித் தொகுதிகள். மக்கள் குடியேறிச் சில வருடத்துக்குள் அதற்கு ஓதத்தை வைத்தே ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது. 1975இல் ஓத எதிர்ப்பு இயக்கம் தொடங்கினார்கள். கவுன்சில் சுவரைப் பார்க்கவில்லை, சுவருக்குள் இருந்தவர்களைப் பார்த்தது. கெட்டிலை அதிகம் கொதிக்கவிடுகிறீர்கள், துணியை உள்ளே காயப்போடுகிறீர்கள், ஜன்னலைத் திறப்பதில்லை, ஹீட்டரைப் போடுவதில்லை. ஒருபக்கம் ஜன்னலைத் திற, மறுபக்கம் ஹீட்டரைப் போடு. கிளாஸ்கோ ஜனவரியில் இரண்டையும் ஒன்றாகச் செய்ய எவ்வளவு பணம் வேண்டும் என்று எந்தத் துண்டுப் பிரசுரமும் சொல்லவில்லை. குடித்தனக்காரர்கள் வாடகையை நிறுத்தி வைத்தார்கள். கூட்டம் கூட்டினார்கள். படம் எடுத்துக் காட்டினார்கள். கடைசியில் கட்டடங்கள் காலி செய்யப்பட்டு 1987இல் இடிக்கப்பட்டன. கட்டி இருபது வருடம் ஆகவில்லை.

அதே நகரின் கிழக்கு ஓரத்தில், ஈஸ்டர்ஹவுஸின் ஈஸ்ட்ஹால் பகுதியில் கதை வேறு மாதிரிப் போனது. அங்கே கேத்தி மெக்கார்மக் என்ற தாய் இருந்தார். பள்ளிப் படிப்புக்கு மேல் இல்லை. பிள்ளைகளுக்கு ஓயாத இருமல். நோய்க்குக் காரணம் வீடுதான் என்று அவரும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சொன்னபோது, ஆதாரம் எங்கே என்று அதிகாரிகள் கேட்டார்கள். அந்தப் பெண்களே ஆதாரத்தைத் தேடிக்கொண்டார்கள். கட்டடக் கலைஞர்கள், பொறியாளர்கள், விஞ்ஞானிகள் எல்லோரையும் 1987இல் ஈஸ்ட்ஹாலுக்கே வரவழைத்து, குடித்தனக்காரர்களோடு உட்கார வைத்துத் திட்டம் போட வைத்தார்கள். தங்கள் நிலையை நாடகமாகவும் போட்டார்கள். ஐரோப்பிய நிதியும் கவுன்சில் நிதியும் சேர்ந்து 1990-களின் தொடக்கத்தில் 36 வீடுகள் அடியோடு மாற்றப்பட்டன: சுவருக்கும் கூரைக்கும் கனத்த வெப்பக் காப்பு, வெயிலைப் பிடித்து வைக்கக் கண்ணாடியடைத்த முகப்புகள், ஒரு அறைக்கு மட்டும் என்றில்லாமல் வீடு முழுவதற்கும் சூடு. ஸ்காட்லாந்தில் வெயிலா என்று சிரித்தவர்கள் உண்டு. வேலை முடிந்து பல ஆண்டுகளுக்குப் பிறகு, 2008இல், ஒரு மருத்துவ இதழில் அந்த வீடுகளைப் பற்றிய ஆய்வுக் குறிப்பு வெளிவந்தது. கதகதப்பான வீடுகளுக்கு மாறியவர்களின் ரத்த அழுத்தம் குறைந்திருந்தது. மாறாத வீடுகளில் இருந்தவர்களுக்குக் குறையவில்லை. கட்டுரையை எழுதியவர்கள் பட்டியலில் மெக்கார்மக் பெயரும் இருந்தது.

ஈஸ்ட்ஹால் பெண்கள் சொன்னதை மருத்துவ உலகம் அதற்கு முன்பே பெரிய அளவில் சோதித்துவிட்டது. கிளாஸ்கோ, எடின்பரோ, லண்டன் ஆகிய மூன்று நகரங்களின் பொது வீடுகளில், குழந்தைகள் உள்ள 597 குடும்பங்களை ஒரு குழு ஆராய்ந்தது. வீட்டின் ஈரத்தை அளந்தவர்களுக்குக் குடும்பத்தின் உடல்நிலை தெரியாது. உடல்நிலையைக் கேட்டவர்களுக்கு வீட்டின் நிலை தெரியாது. 1989இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் முடிவு வந்தது. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டுக் குழந்தைகளுக்கு இருமலும் இளைப்பும் அதிகம். வீட்டில் புகைபிடிக்கிறார்களா, வருமானம் என்ன என்பதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் அது மாறவில்லை. குடியிருப்பவரின் பழக்கத்தைக் குறை சொல்லும் வாதம் அன்றோடு செத்திருக்க வேண்டும்.

சாகவில்லை. அது எவ்வளவு ஊறிப்போயிருந்தது என்பதற்கு, அந்த ஆய்வு வெளிவருமுன் நடந்த ஒன்றே சாட்சி. தாட்சர் அரசின் இளநிலைச் சுகாதார அமைச்சர் எட்வினா கரீ, குளிர்காலத்துக்கு நீள உள்ளாடையும் கம்பளித் தொப்பியும் தயார் செய்துகொள்ளுமாறு முதியவர்களுக்கு யோசனை சொன்னார். நாடெங்கும் வாங்கிக் கட்டிக்கொண்டார். ஆனால் அவர் ஒருவரின் வாய்த்துடுக்கு அல்ல அது. கவுன்சில் அலுவலகக் கவுன்ட்டர்களில் அன்றாடம் சொல்லப்பட்டதைத்தான் அவர் மைக்கில் சொன்னார்.

இதற்கிடையே இந்தத் துன்பத்துக்கு ஒரு கணக்கு கிடைத்திருந்தது. 1991இல் பிரெண்டா போர்ட்மன் எழுதிய புத்தகம், போதுமான சூட்டுக்கு வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் செலவழிக்க வேண்டியிருந்தால் அது எரிபொருள் வறுமை என்றது. 10 வானத்திலிருந்து விழவில்லை. 1988 கணக்கெடுப்பில் மிகவும் ஏழையான 30 விழுக்காட்டினர் அந்த அளவு செலவழித்தார்கள். நடுத்தரக் குடும்பம் செலவழித்ததைப்போல அது இரண்டு மடங்கு. போர்ட்மன் சொன்ன இன்னொன்று அதைவிட முக்கியம். ஏழைக்குப் பணம் கொடுத்தால் சாதாரண வறுமை குறையும். எரிபொருள் வறுமை அப்படிக் குறையாது. வீட்டில் முதலீடு செய்ய வேண்டும். சுவர் ஓட்டையாக இருந்தால் கொடுத்த பணம் சுவர் வழியாகவே போய்விடும்.

அரசுகள் இதைக் காதில் வாங்கின, கையால் வேறு செய்தன. 1994 ஏப்ரலில் வீட்டு எரிபொருளுக்கு 8 விழுக்காடு வாட் வரி வந்தது. அதை 17.5 ஆக்கும் முயற்சி அந்த டிசம்பரில் நாடாளுமன்றத்தில் தோற்றது. தொழிற்கட்சி 1997இல் அதை 5 ஆக்கியது. முதியவர்களுக்குக் குளிர்கால எரிபொருள் படியையும் தொடங்கியது. 2000இல் ஒரு தனிநபர் மசோதா சட்டமாகி, அதன்படி 2016க்குள் எரிபொருள் வறுமையை இங்கிலாந்தில் ஒழிப்போம் என்று கெடு வைக்கப்பட்டது. அதே 2000இல் வந்த நல்வீட்டுத் தரம், ஒவ்வொரு கவுன்சில் வீட்டுக்கும் ஓரளவு காப்பும் திறமான சூடேற்றமும் வேண்டும் என்றது. இதுதான் உருப்படியாக வேலை செய்தது. பத்து வருடத்தில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு இரட்டைக் கண்ணாடியும் புதுக் கொதிகலனும் கிடைத்தன. இன்று இங்கிலாந்தில் பத்தில் ஏழு சமூக வாடகை வீடுகள் ஆற்றல் சான்றிதழில் சி தரத்துக்கோ மேலோ இருக்கின்றன. சொந்த வீடுகளிலும் தனியார் வாடகை வீடுகளிலும் அந்தப் பங்கு வெகுவாகக் குறைவு. கவுன்சில் வீடு என்றாலே மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

அபர்தீன் நகரம் சர்ச்சில் கார்டன்ஸ் வழிக்கே திரும்பியது. 2002இல் லாபநோக்கில்லாத ஒரு நிறுவனத்தைத் தொடங்கி, ஸ்டாக்கட்ஹில் பகுதியில் மின்சூட்டில் தவித்த நான்கு கோபுரங்களின் 288 வீடுகளை முதலில் ஒரே கொதிகலன் கூடத்தோடு இணைத்தது. அந்தக் கூடம் மின்சாரமும் எடுக்கும், அதில் மிஞ்சும் வெப்பத்தை வீடுகளுக்கும் அனுப்பும். வீடுகளுக்குள் கேஸ் வராததால் ரோனன் பாயின்ட் பயமும் இல்லை. பில் வெகுவாக இறங்கியது. நாரிச் நகரக் கவுன்சில் கோல்ட்ஸ்மித் தெருவில் கட்டிய சுமார் நூறு வீடுகள், காற்றுக்கூடப் புகாத பாஸிவ்ஹவுஸ் முறையில் அமைந்து, 2019இல் கட்டடக் கலைக்கான ஸ்டர்லிங் பரிசை வாங்கின. பெரிய அருங்காட்சியகங்களும் பல்கலைக்கழகங்களும் வாங்கும் பரிசு அது.

இடையில் கிரென்ஃபெல். மேற்கு லண்டனில் 1974இல் கட்டி முடித்த கவுன்சில் கோபுரம். 2015-16இல் அதைப் புதுப்பித்தார்கள். குளிர் தாங்கக் காப்பும், மேலே ஓர் உலோக உறையும். கதகதப்பாக்குவது அந்த வேலையின் நோக்கங்களில் ஒன்று. அக்கம்பக்கத்துப் பார்வைக்கு அழகாக்குவது இன்னொன்று. தேர்ந்தெடுத்த பொருள் தீப்பிடிக்கக்கூடியது. 2017 ஜூன் 14 பின்னிரவில் ஒரு சமையலறையில் தொடங்கிய நெருப்பு வெளிச்சுவர் வழியாக ஏறிக் கட்டடத்தை விழுங்கியது. 72 பேர் மாண்டார்கள். பாதுகாப்பு பற்றிக் குடித்தனக்காரர்கள் பல வருடம் எழுதிக்கொண்டிருந்தார்கள், கேட்பார் இல்லை. பிறகு நாடெங்கும் கோபுரங்களின் உறை உரிக்கப்பட்டது. உரித்ததைத் திரும்பப் போர்த்த வருடங்கள் ஆயின. அதுவரை உள்ளே இருந்தவர்களுக்கு மறுபடி குளிர்.

மீட்டர் என்ன ஆனது? காசு மீட்டர்களைத் திருடர்கள் உடைத்ததால் 1980-களில் அட்டையும் சாவியும் வந்தன. தெருமுனைக் கடைக்குப் போய்ச் சாவியில் ஐந்து பவுண்டோ பத்தோ ஏற்றிவந்து மீட்டரில் செருக வேண்டும். பழைய பாக்கி இருந்தால் ஏற்றும் ஒவ்வொரு பவுண்டிலும் ஒரு பங்கை அது பிடித்துக்கொள்ளும். கோடையில் சூடே போடாவிட்டாலும் தினக்கட்டணம் சேர்ந்துகொண்டிருக்கும். அக்டோபரில் முதல் குளிருக்கு ஏற்றும் பத்து பவுண்டு அந்தப் பாக்கிக்கே போய்விடும். வீடு சில்லென்றே இருக்கும். மீட்டர் தீர்ந்து வீடு இருண்டால் அதைத் துண்டிப்பு என்று யாரும் கணக்கில் எழுத மாட்டார்கள். யாரும் வந்து கம்பியை வெட்டவில்லையே! கவனிக்க வேண்டியது, தண்ணீரில் இது நடக்காது. கட்டணம் கட்டாததற்காக வீட்டுத் தண்ணீரை நிறுத்துவதை 1999ஆம் வருடச் சட்டம் தடுத்துவிட்டது. வெப்பத்துக்கு அப்படியொரு சட்டம் இன்றுவரை இல்லை.

உக்ரைன் போருக்குப் பின் விலை எகிறியது. ஒரு சராசரி வீட்டின் வருடாந்திர பில்லுக்கான உச்சவரம்பு 2021 அக்டோபரில் 1,277 பவுண்டு. ஒரே வருடத்தில் அது 3,549 ஆகவிருந்தது. அரசு நுழைந்து 2,500இல் நிறுத்தியது. பில் கட்ட முடியாதவர்களின் வீடுகளில், நீதிமன்ற ஆணையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, பூட்டை உடைத்து முன்பண மீட்டர் மாட்டினார்கள். கைக்குழந்தை உள்ள வீடும் ஊனமுற்றவர் வீடும் அதில் தப்பவில்லை. 2023 பிப்ரவரியில் தி டைம்ஸ் இதை உள்ளிருந்தே அம்பலப்படுத்தியது; கட்டாய மீட்டர் வேலை நிறுத்தி வைக்கப்பட்டது. அந்த ஜூலையில்தான், முன்பண மீட்டர்காரர் மற்றவர்களைவிட அதிகம் கொடுக்கும் நிலைக்கு அரசு முடிவு கட்டியது. பென்னி மீட்டர் பிறந்து 130 வருடத்துக்கும் மேல் ஆகியிருந்தது.

2016 கெடு என்ன ஆனது என்றால், அளவுகோல் மாறியது. அரசுக்காக ஜான் ஹில்ஸ் தயாரித்த அறிக்கையைத் தொடர்ந்து 2013இல் ஒரு முறை, 2021இல் இன்னொரு முறை. இப்போதைய இங்கிலாந்துக் கணக்கில், சி தரத்தில் உள்ள வீட்டில் இருப்பவர் எவ்வளவு பில் கட்டினாலும் எரிபொருள் ஏழை அல்ல. அந்தக் கணக்குப்படி 2023இல் 13 விழுக்காட்டுக் குடும்பங்கள்தான் இதில் வந்தன. வாடகை போன வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் எரிபொருளுக்குப் போகும் குடும்பங்களை அதே வருட அரசுப் புள்ளிவிவரம் தனியாகச் சொன்னது: மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கவுன்சில் வீடுகளைத் தரமுயர்த்திய நல்ல வேலையே, அங்கே இருப்பவர்களைக் கணக்கிலிருந்து காணாமல் போகச் செய்துவிட்டது. ஸ்காட்லாந்து 10 விழுக்காட்டை விடவில்லை; 2040க்குள் 5 விழுக்காட்டுக் குடும்பங்களுக்கு மேல் இதில் இருக்கக்கூடாது என்று 2019இல் சட்டம் போட்டிருக்கிறது.

ராச்டேல் நகரில், வீட்டுவசதிச் சங்கம் ஒன்றின் ஒற்றைப் படுக்கையறை வீட்டில், அவாப் இஷாக் என்ற குழந்தை 2020 டிசம்பரில் இறந்தது. இரண்டு வயது நிரம்பிச் சில நாள்தான். சுவரெங்கும் பூஞ்சணம். தந்தை 2017இலேயே புகார் செய்திருந்தார். மேலே பெயின்ட் அடித்துக்கொள்ளச் சொன்னார்கள். குடும்பம் சூடானிலிருந்து வந்தது. அவர்கள் குளிக்கும் முறையைக்கூடக் காரணமாகச் சந்தேகித்தார்கள். பூஞ்சணக் காற்றை நெடுநாள் சுவாசித்ததே மரணத்துக்குக் காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை அதிகாரி அறிவித்தபிறகு, குடும்பத்தின் வாழ்க்கைமுறை பற்றித் தவறாக அனுமானித்துவிட்டதாகச் சங்கம் ஒப்புக்கொண்டது. கிளாஸ்கோவில் கெட்டில், இங்கே குளியல்.

அந்தக் குழந்தையின் பெயரிலேயே அறியப்படும் சட்டம் 2025 அக்டோபர் 27 முதல் இங்கிலாந்தின் சமூக வாடகை வீடுகளில் நடைமுறைக்கு வந்தது. உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரிசெய்ய வேண்டும். கடுமையான ஓதம், பூஞ்சணம் என்று புகார் வந்தால் பத்து வேலை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும். ஆபத்து உறுதியானால் அடுத்த ஐந்து வேலை நாளுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். குடித்தனக்காரர் எத்தனை முறை துணி காயப்போட்டார் என்று கேட்டுத் தப்பிக்க முடியாது. முதல் கட்டத்தில் இவ்வளவுதான். கடுங்குளிரைத் தனியொரு ஆபத்தாகக் கணக்கில் எடுப்பது, படிக்கட்டில் விழுவது, தீ, மின்கசிவு ஆகியவற்றோடு சேர்த்து 2026க்கான அடுத்த கட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது.